ஜேன் மேனிங் ஜேம்ஸின் விண்ணப்பம்

மோர்மன் வரலாறு என்றதும் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தும், அவருக்குப் பின் மக்களை யூட்டாவுக்கு அழைத்துச் சென்ற பிரிகம் யங்கும்தான் முதலில் பேசப்படுவார்கள். அவர்கள் இருவர் காலத்தையும் கண்டு, அதற்குப் பின்னும் நெடுநாள் வாழ்ந்தவர் ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பெண். அந்தச் சபையின் பெருமையையும் பிழையையும் ஒருசேர அறிய இவர் வாழ்க்கையைத்தான் படிக்க வேண்டும் என்பது என் துணிபு.

கனெக்டிகட் மாநிலத்து வில்டனில், அடிமைத்தளை இல்லாத குடும்பத்தில் பிறந்தவர் ஜேன். மோர்மன் ஊழியர் ஒருவரின் பிரசங்கத்தைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்றார். 1843இல் தாயோடும் உடன்பிறந்தாரோடும் மோர்மன்கள் அப்போது குடியிருந்த இல்லினாய் மாநிலத்து நாவூ நகருக்குப் புறப்பட்டார். பஃபலோவில் அவர்களை மேற்கொண்டு ஏற்றிச்செல்ல மறுத்துவிட்டார்கள். கூட வந்த வெள்ளையர்கள் போய்விட, மேனிங் குடும்பம் நடக்கத் தொடங்கியது. எண்ணூறு மைல்! காலணி தேய்ந்து, பாதம் வெடித்து, நடந்த தரையில் ரத்தச் சுவடு பதிந்தது என்றும், நின்று ஜெபித்ததும் புண் ஆறியது என்றும் முதுமையில் அவர் சொல்லி எழுதுவித்த வரலாறு கூறுகிறது. வழியில் பியோரியாவில் விடுதலைப் பத்திரம் கேட்டு, சிறையில் தள்ளுவதாக மிரட்டினார்கள். அடிமையாகவே இருந்திராதவரிடம் விடுதலைப் பத்திரம் ஏது?

நாவூவில் ஸ்மித் வீட்டிலேயே தங்கி வேலை செய்தார். ஸ்மித்தின் மனைவி எம்மா, தங்கள் பிள்ளையாகத் தத்தெடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒருநாள் கேட்டார். அதன் பொருள் விளங்காமல் ஜேன் வேண்டாம் என்றுவிட்டார்.

1844இல் ஸ்மித் கொல்லப்பட்டார். 1847இல் கணவர் ஐசக் ஜேம்ஸுடன் ஜேன் யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். 1849இல் கணவர் ஊரில் இல்லாமல் உணவுக்குத் தவித்த எலைசா லைமன் என்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஏறக்குறைய இரண்டு பவுண்டு மாவு கொடுத்தார். அது ஜேனிடம் இருந்ததில் பாதி என்று எலைசாவே தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஜேனின் குணத்துக்கு இதைவிடச் சான்று எதற்கு?

1852இல் பிரிகம் யங் கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் இல்லை என அறிவித்தார். ஆலயத்தின் உயர்ந்த சடங்குகளும் கறுப்பின ஆண், பெண் இருபாலருக்கும் மறுக்கப்பட்டன. மறுமையிலும் குடும்பம் பிரியாதிருக்க அந்தச் சடங்குகள் வேண்டும் என்பது மோர்மன் நம்பிக்கை. ஆகவே ஜேன் கேட்டார். 1884இல் சபைத் தலைவர் ஜான் டெய்லருக்கும், பின்னர், பிற்காலத்தில் சபைத் தலைவரான ஜோசப் எஃப். ஸ்மித்துக்கும் விண்ணப்பித்தார். எம்மா அன்று கேட்டதை நினைவூட்டி, ஸ்மித் குடும்பத்துப் பிள்ளையாகத் தம்மை இணைக்கும்படி வேண்டினார். இறந்த உறவினருக்காக ஞானஸ்நானம் பெறும் அனுமதி மட்டும் கிடைத்தது. 1894இல் நிறுவனர் ஸ்மித்துக்கு என்றென்றைக்கும் பணியாளாக அவரை இணைத்தார்கள். அந்தச் சடங்குக்கும் அவரை உள்ளே விடவில்லை. வேறொரு பெண் அவருக்குப் பதிலாக நின்றார். பிள்ளை இடத்தைக் கேட்டவருக்கு வேலைக்காரி இடம்! இதை அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஜேனும் அதை ஏற்று அமையவில்லை; மீண்டும் கேட்டார்.

1908 ஏப்ரல் 16இல் அவர் காலமானார். இறுதிச் சடங்கில் பேசியவர்களுள் அப்போது சபைத் தலைவராயிருந்த ஜோசப் எஃப். ஸ்மித்தும் ஒருவர். கறுப்பினத்தாருக்கு இருந்த தடையை 1978 ஜூன் மாதத்தில் அன்றைய சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் நீக்கினார். மறு ஆண்டே, ஜேன் கேட்டிருந்த ஆலயச் சடங்கு பதிலாள் மூலம் அவர் பெயரில் செய்யப்பட்டது.