நூலகத்துக்கு எண்ணெய் ஊற்றுவது யார்?

கார்த்திகை மாதம் திருவண்ணாமலைக்குப் போனவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். மகாதீபத்துக்கு நெய்க் காணிக்கை செலுத்தக் கோயிலில் வரிசை நிற்கும். ஒரு கிலோ, அரைக் கிலோ, கால் கிலோ என்று அவரவர் வசதிக்கேற்பப் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்வார்கள். 2,668 அடி உயர மலையின் உச்சியில் எரிவது மூவாயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட நெய். அதில் எந்தச் சொட்டு யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது!

இது திருவிழாக் கால விளக்கு. வருஷம் முழுக்க எரியவேண்டிய விளக்குக்கு வேறு ஏற்பாடு இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி அது. ஒருவர் கோயிலில் நந்தாவிளக்கு (அணையாமல் எரியும் விளக்கு) ஏற்ற விரும்பினால் காசை உண்டியலில் போட்டுவிட்டுப் போகமாட்டார். 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பார். ஆடுகளை ஓர் இடையர் பொறுப்பேற்றுக்கொண்டு தினமும் உழக்கு நெய் அளப்பார். கிழட்டு ஆடு போனால் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. இதற்குத்தான் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடு! இன்றைய பாஷையில் சொன்னால் வைப்புநிதி. அசலைத் தொடாமல் வட்டியில் விளக்கு எரிகிறது. கல்வெட்டின் முடிவில் 'பன்மாகேஸ்வரர் ரக்ஷை' என்று பல இடங்களில் எழுதியிருக்கும். இந்தத் தர்மம் தொடர்ந்து நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு சிவனடியார்கள் எல்லாருக்கும் உண்டு என்று அர்த்தம்.

இந்த ஆட்டுக் கணக்குக்கும் நூலகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நூலகத்தைத் திறப்பது ஒருநாள் வேலை. ரிப்பன் வெட்டினால் முடிந்தது. அதன்பிறகு வாடகை, சம்பளம், பத்திரிகைச் சந்தா, கரையான் மருந்து, புதுப் புத்தகம் என்று தினமும் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். உலகத்தில் மூடிக்கிடக்கும் நூலகங்களில் பெரும்பாலானவை திறப்பு விழாவுக்குப் பணம் இல்லாமல் மூடப்பட்டவை அல்ல.

பழைய தமிழ்நாட்டிலும் நூலகங்கள் இருந்தன. சிதம்பரம், ஸ்ரீரங்கம் கோயில்களில் 'சரஸ்வதி பண்டாரம்' என்ற பெயரில் ஏட்டுச்சுவடிகள் வைக்கப்பட்டிருந்ததை 13-ம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆனால் அவை படித்த சிலருக்கானவை. தெருவில் போகிறவன் உள்ளே வந்து நாளிதழ் புரட்டும் இடம் என்ற எண்ணமே அன்று கிடையாது.

அந்த எண்ணம் மேற்கே வளர்ந்த விதம் கொஞ்சம் வேடிக்கையானது. 1731-ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 50 பேரைச் சேர்த்தார். ஆளுக்கு 40 ஷில்லிங் முன்பணம், வருஷத்துக்கு 10 ஷில்லிங் சந்தா. இப்படி ஒரு சந்தா நூலகம் பிறந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் சந்தா கட்டமுடியாதவன் வெளியே நின்றான். 1850-ல் இங்கிலாந்து பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சொத்து வரியில் ஒரு பவுண்டுக்கு அரைப் பென்னி வரை நூலகத்துக்கு வசூலிக்கலாம் என்றார்கள். கட்டடம் கட்டலாம், ஆள் வைக்கலாம். ஆனால் அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கக்கூடாது! புத்தகத்தை யாராவது தர்மமாகக் கொடுப்பார்கள் என்று நினைத்துவிட்டார்கள். ஐந்து வருஷத்தில் தவறு புரிந்து, 1855-ல் வரியை ஒரு பென்னியாக உயர்த்திப் புத்தகம் வாங்கவும் அனுமதித்தார்கள்.

பிறகு வந்தார் ஆண்ட்ரூ கார்னகி. இரும்பாலையில் சம்பாதித்த பணத்தில் உலகம் முழுக்க 2,500-க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்கு உதவியவர். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. நிலம் ஊர் தரவேண்டும். கட்டடத்துக்கு அவர் கொடுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு வருஷமும் பராமரிப்புக்காக ஊர் வரிப் பணத்திலிருந்து ஒதுக்கவேண்டும். ஒப்புக்கொள்ளாத ஊருக்குக் கட்டடம் இல்லை. வள்ளல் என்று அவரைப் பாராட்டுகிறவர்கள் இந்த நிபந்தனையை அதிகம் சொல்வதில்லை. அவர் செய்ததிலேயே புத்திசாலித்தனமானது அதுதான்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கை முழுதாகப் புரிந்துகொண்டவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். லண்டனில் படிக்கப்போனபோது அங்கே தெருவுக்குத் தெரு நூலகம் இருப்பதைப் பார்த்துத் திரும்பினார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. 1931-ல் அவருடைய புகழ்பெற்ற ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன. அதே 1931-ல் மன்னார்குடி மேலவாசலில் ஓய்வுபெற்ற எஞ்சினியர் எஸ்.வி.கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் அடுக்கிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். நடமாடும் நூலகம்! அழகான முயற்சி. ஆனால் ஒரு தனிமனிதர் தோளில் நிற்கும் வண்டி எத்தனை காலம் ஓடும்?

ரங்கநாதனுக்கு இந்தக் கேள்வி இருந்தது. தர்மசிந்தனையை நம்பாமல் சட்டத்தை நம்பினார். 1930-லேயே காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலக மசோதா ஒன்றை வைத்தார். 1930-களில் பஷீர் அகமது சையத் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த நூலக மசோதா நிறைவேறவில்லை. நாடு சுதந்திரம் அடைந்தபிறகு, தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் காரியம் நடந்தது. 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறி 1950-ல் நடைமுறைக்கு வந்தது. சுதந்திர இந்தியாவில் ஒரு மாநிலம் கொண்டுவந்த முதல் நூலகச் சட்டம் இது.

சட்டத்தின் உயிர் ஒரே ஒரு ஏற்பாட்டில் இருக்கிறது. வீட்டு வரி, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி. அந்தப் பணம் நூலக ஆணைக்குழுவின் நிதிக்குப் போகவேண்டும், வேறு எதற்கும் தொடக்கூடாது. இன்றைய விகிதம் ரூபாய்க்கு 10 பைசா. ஆயிரம் ரூபாய் சொத்து வரி கட்டுகிற வீடு 100 ரூபாய் நூலகத்துக்குக் கட்டுகிறது. அந்த வீட்டில் யாரும் வாழ்நாளில் ஒரு புத்தகம் தொடாவிட்டாலும் கட்டுகிறது. சாவா மூவாப் பேராட்டை ரங்கநாதன் வீட்டு வரிக்குள் கொண்டுவந்துவிட்டார் என்று சொல்லலாம். (அவர் தன் சொந்தப் பணத்திலும் ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து நூலகவியலுக்குப் பேராசிரியர் பதவி ஏற்படுத்தினார். மனைவி சாரதாவின் பெயரில். ஊருக்குச் சொன்னதைத் தானும் செய்தவர்.)

இப்படிப்பட்ட சட்டம் எதுவும் இல்லாத இடத்தில், ஓர் ஊர் தானாகவே நூலகம் எழுப்பிய கதை கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. யாழ்ப்பாணம். கே.எம்.செல்லப்பா நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர். பணக்காரர் அல்ல. 1933-ல் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை அக்கம்பக்கத்தாருக்குப் படிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அதோடு நிற்காமல், யாழ்ப்பாணத்துக்கு ஒரு மத்திய இலவசத் தமிழ் நூலகம் வேண்டும் என்று வேண்டுகோளும் விடுத்தார். ஊரின் பெரிய மனிதர்கள் கூடினார்கள், 1934 ஜூனில் குழு அமைந்தது. பிரித்த பணம் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். 1934 ஆகஸ்ட் 1 அன்று ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகம் திறந்தது. இருந்த புத்தகங்கள் 844.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஐந்தே மாதத்தில், 1935 ஜனவரி 1 அன்று, நூலகத்தை நகரசபையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஊரார் கட்டியதை அரசாங்கத்துக்குத் தூக்கிக் கொடுப்பதா, சுதந்திரம் போய்விடாதா என்று இன்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் மாதாமாதம் வாடகையும் சம்பளமும் நன்கொடையை நம்பி ஓடாது. செல்லப்பாவின் வீட்டுத் திண்ணை எவ்வளவு சுதந்திரமானதாக இருந்தாலும் ஒரு மாவட்டத்துக்கு அது போதாது.

சபை எடுத்துக்கொண்டது என்று ஊரும் கையைக் கழுவிவிடவில்லை. 1950-களில் பெரிய கட்டடம் வேண்டும் என்று முடிவானபோது, மேயர் சாம் சபாபதி, லோங் அடிகளார் போன்றவர்கள் முன்னின்றார்கள். களியாட்ட விழா நடத்தி, லாட்டரிச் சீட்டு விற்றுப் பணம் சேர்த்தார்கள். ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டவர் வேறு யாருமல்ல, நம் ரங்கநாதன்தான். கட்டடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன். 1954 மார்ச் 29 அன்று அடிக்கல், 1959 அக்டோபர் 11 அன்று திறப்பு.

1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் போலீசாரும் குண்டர்களும் அந்த நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள், ஏட்டுச்சுவடிகள் உட்படச் சாம்பலாயின. தீயைப் பார்த்த அதிர்ச்சியில் பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் உயிர்விட்டார். இந்தப் பகுதி எல்லாருக்கும் தெரியும், நிறைய எழுதப்பட்டுவிட்டது. அதிகம் பேசப்படாதது அடுத்த வருஷம் நடந்தது. 1982-ல் யாழ்ப்பாண மக்கள் நூலக வாரம் கொண்டாடி, வீடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான புத்தகங்களைச் சேர்த்தார்கள். 49 வருஷத்துக்கு முன் செல்லப்பா செய்த அதே வேலை! வீட்டு அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்து வந்து ஊருக்குக் கொடுப்பது. யுத்தத்தில் கட்டடம் திரும்பவும் அடிபட்டது. 1990-களின் இறுதியில் ஒரு புத்தகம், ஒரு செங்கல் என்று கேட்டுப் புனரமைப்பு தொடங்கி, 2000-களின் தொடக்கத்தில் மீண்டும் திறந்தது.

தமிழ்நாட்டில் எந்த வரிப் பணமும் இல்லாமல் நின்ற தனியார் நூலகங்களும் உண்டு. மறைமலையடிகள் சேர்த்த சுமார் நாலாயிரம் நூல்கள், அவர் மறைவுக்குப் பிறகு கழகத்தின் வ.சுப்பையா பிள்ளை முயற்சியால் 1958-ல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் நூலகமாயின. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்ற ஆசிரியத் தம்பதியர் சம்பளப் பணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் சேர்த்து 'ஞானாலயா' அமைத்தார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் கலைஞர். பழைய அச்சுநூல், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று ஒன்றுவிடாமல் சேர்த்தார். அவர் 1992-ல் இறந்தபிறகு அந்த லட்சம் பொருட்களையும் வாங்கிக் காப்பாற்ற முன்வந்தது தமிழ்நாட்டு நிறுவனம் அல்ல, அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். அதுவும் மூட்டை கட்டிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே வைத்து 1994-ல் ஆய்வு நூலகமாக்கியது. சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா?

சேர்த்தவர் இருக்கும்வரை அவர் சம்பளமே நூலகத்தின் சம்பளம். அவருக்குப் பிறகு யார் என்பதுதான் இந்த மூன்று நூலகங்களுக்கும் பொதுவான பிரச்சினை. புத்தகத்தைத் தானமாகக் கொடுக்க ஆள் வரும், அதைத் தூசி தட்டுகிறவருக்கு மாதச் சம்பளம் கொடுக்க ஆள் வராது.

சரி, திருவண்ணாமலைக்குத் திரும்புவோம். 1989-ல் வடஆர்க்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. இங்கே வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நூலக வரி கட்டுகிறார்கள். அருணாசலேஸ்வரர் கோயில் மாடவீதியில் இருப்பவரும் கட்டுகிறார், ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓட்டுவீடு வைத்திருப்பவரும் கட்டுகிறார். கட்டுகிறோம் என்பது பலருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தெரியாததால் ஒரு நஷ்டம் உண்டு. வரியை வசூலிப்பது உள்ளாட்சி, செலவு செய்வது நூலக ஆணைக்குழு. நடுவில் பணம் தங்கிவிடுகிறது. தமிழ்நாட்டின் பல உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை ஆண்டுக்கணக்கில் ஒப்படைக்காமல் வைத்திருந்த செய்திகள் நாளிதழ்களில் பலமுறை வந்திருக்கின்றன. தலைநகரின் மாநகராட்சியே கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருந்தது. அந்தக் காலத்து இடையர் ஒருவேளை நெய் அளக்காவிட்டால் கோயிலில் விளக்கு அணைந்தது கண்ணுக்குத் தெரியும், அடியார்கள் கேட்பார்கள். கிளை நூலகத்தில் இந்த வருஷம் புதுப் புத்தகம் வரவில்லை என்பது யார் கண்ணுக்கும் உடனே தெரிவதில்லை.

வரிக்கு மேல் கொடுக்க நினைப்பவர்களுக்கும் வழி உண்டு. தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் 1,000 ரூபாய் செலுத்தி யாரும் புரவலர் ஆகலாம். பல கிளைகளில் வாசகர் வட்டமும் இயங்குகிறது, கூட்டம் நடத்துவதோடு புரவலர்களைச் சேர்ப்பதும் பெரும்பாலும் அவர்கள் வேலைதான். கார்த்திகைக்கு நெய்ச் சீட்டு வாங்க வரிசையில் நிற்கிற ஊரில் இந்தச் சீட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், பக்கத்துக் கிளை நூலகத்தின் நூலகர் மேசையில்தான்.