பாடவைத்தவர்கள்

ஒவ்வொரு வருஷமும் ஜூலை 14 அன்று புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிரே இருக்கும் பிரெஞ்சு போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் ஒரு கூட்டம் கூடும். பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், எங்க ஊரில் ‘சொல்தா’ என்போம், பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு வருவார்கள். மலர்வளையம் வைத்ததும் மார்செய்யேஸ், பிறகு ஜன கண மன. இரண்டையும் கூட்டமே பாடும். வரிசையின் ஒரு முனை வேகமாகப் போகும், இன்னொரு முனை பின்னால் இழுக்கும்.

சில வருஷங்களுக்கு முன் அங்கே நின்றிருந்தபோது, முன்வரிசைப் பெரியவர் ஒருவரின் வலது கை இடுப்பு உயரத்தில் லேசாக ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அவரைச் சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேர் மட்டும் தாளம் பிசகாமல் பாடினார்கள். அந்தக் கையை அவர்கள் பார்த்த மாதிரிகூடத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

தமிழில் கண்டக்டர் என்றால் நமக்கு விசிலும் தோல்பையும்தான் ஞாபகம் வரும். சேர்ந்து பாடுகிறவர்களின் முன்னால் நின்று கையசைப்பவருக்கும் உலகம் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறது. இரண்டாவது வகை ஆளுக்கு நம் இசை வரலாற்றில் இடமே கிடையாது. வித்வான்களின் வாழ்க்கை வரலாறுகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. பிறரைப் பாடவைத்தவர்களின் கதை எங்கேயும் கோவையாக இல்லை. மேடையில் அவர் பாடுவதே இல்லை என்பதால் இருக்கலாம். ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற கலைஞர் அவர் ஒருவர்தான்.

*

எனக்கு இந்த விஷயத்தில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. பதின்ம வயதில் ஒரு சின்னப் பங்குக் கோவிலின் பாடகர் குழுவில் இருந்தேன். கோவிலின் பின்பக்கம் மரப்படி ஏறிப் போகும் மேல்தட்டில் எங்கள் இடம். மாஸ்டரிடம் ஒரு ட்யூனிங் ஃபோர்க் இருந்தது. முழங்காலில் தட்டிக் காதருகே வைப்பார். மெல்ல முணுமுணுத்து நாலு குழுவுக்கும் நாலு சுரம் எடுத்துக் கொடுப்பார். சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ். எனக்குக் குரல் உடைந்த புதிது, டெனரில் போட்டார். உற்சாகத்தில் கத்தினேன். பாட்டை நிறுத்தினார்.

“தம்பி, பக்கத்துல நிக்கிறவன் குரல் உனக்குக் கேக்குதா?”

“இல்ல மாஸ்டர்.”

“அப்ப நீ சத்தமா பாடுறேன்னு அர்த்தம். அவன் கேக்குற அளவுக்குத்தான் நீ பாடணும்.”

சேர்ந்திசையின் மொத்தப் பாடமும் அதற்குள் இருந்தது என்று பிறகுதான் புரிந்தது. தனிக் கச்சேரிக்கு உள்ள எந்தப் பயிற்சியும் இதைச் சொல்லித்தராது.

*

பல குரல்கள் பல சுரங்களில் ஒரே சமயம் பாடும் முறை இந்தப் பக்கம் வந்தது பெரும்பாலும் கோவில் வழியாகத்தான். மிஷன் வீதியில் இருக்கும் பேராலயத்தைச் சனங்கள் இன்னும் ‘சம்பா கோவில்’ என்கிறார்கள். ‘சேன் போல்’ மருவி ‘சம்பா’ ஆனது. இப்போது நிற்கும் கட்டடம் 1791-ல் முடிந்தது. வெள்ளைக்காரர் பகுதியில் உள்ள தூய தேவதைகளின் அன்னை கோவில் 1855-ல். தலைமுறை தலைமுறையாக இங்கே லத்தீனில் பூசை நடந்தது. 1960-களில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தந்த ஊர் மொழிக்குக் கதவைத் திறந்துவிட்ட பிறகு தமிழ்ப் பாட்டுகள் வந்தன. சென்னையில் இதற்குச் சமமான வேலையைச் செய்தது 1893-ல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன். அதன் பாடகர் குழுவை நெடுங்காலம் நடத்திய ஹேண்டல் மானுவேல், சென்னை வானொலியின் மேற்கத்திய இசைப் பிரிவிலும் பணியாற்றியவர்.

ஆனால் பிரான்சில் சேர்ந்து பாடுவதற்குக் கோவிலைத் தவிர இன்னொரு வீடும் இருந்தது. பாரிஸில் 1830-களில் கியோம் வில்ஹெம் என்பவர் தொழிலாளர்களுக்கு மாலை நேரத்தில் பாடக் கற்றுக்கொடுத்தார். ‘ஓர்ஃபெயோன்’ என்ற பெயரில் அது பெரிய இயக்கமாயிற்று. 1852 முதல் 1860 வரை பாரிஸ் ஓர்ஃபெயோனை நடத்தியவர் இசையமைப்பாளர் ஷார்ல் குனோ. 1888-ல் லீல் என்ற நெசவாலை நகரத்தில், ‘தொழிலாளர் யாழ்’ என்று பொருள்படும் பெயருள்ள ஒரு குழு பாடுவதற்காக, பியேர் தெகெய்தேர் என்ற மரக்கடைசல் தொழிலாளி ஒரு கவிதைக்கு மெட்டுப் போட்டார். அதுதான் ‘சர்வதேச கீதம்’. முதல் அச்சில் அவருடைய முதற்பெயர் இல்லை, குடும்பப்பெயர் மட்டும்தான். பின்னாளில் அவர் தம்பியே அந்த மெட்டு தன்னுடையது என்று உரிமை கொண்டாடினார். 1922-ல்தான் வழக்கு பியேர் பக்கம் முடிந்தது. உலகமே பாடிய பாட்டு. அதைப் பாடவைத்த மனிதர் தன் பெயருக்காக நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது.

புதுச்சேரியும் நெசவாலை ஊர்தான். ரோடியர், சவானா, பாரதி என்று மூன்று மில்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் போராடிய தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். வ.சுப்பையாவின் தலைமையில் எழுந்த அந்த இயக்கத்தின் நினைவு நாள் இன்றும் இங்கே அனுசரிக்கப்படுகிறது. கோவில், மில் இரண்டையும் பிரெஞ்சுக்காரன் நமக்குக் கொடுத்தான். கோவிலின் பல குரல் முறையையும் மில்லின் அரசியலையும் தமிழ்ப் பாட்டுக்குள் ஒன்றாகக் கொண்டுவந்த மனிதர் சென்னையிலிருந்து வந்தார்.

*

எம்.பி.சீனிவாசன், 1925-ல் பிறந்தவர். மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் என்பது முழுப்பெயர், எல்லோருக்கும் எம்.பி.எஸ். மாணவப் பருவத்திலேயே கம்யூனிஸ்ட். ஜாலியன்வாலாபாக் காலத்துத் தலைவர் சைஃபுதீன் கிச்லுவின் மகள் ஜாகிதாவை மணந்தார். ஜான் ஆபிரகாமின் ‘அக்ரகாரத்தில் கழுதை’ பார்த்தவர்களுக்கு அவர் முகம் தெரியும். கழுதைக்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் பேராசிரியர் அவர்தான்.

திரையில் அவர் பெயர் அதிகம் ஒலித்தது மலையாளத்தில். யேசுதாஸ் முதன்முதலாகத் திரைக்குப் பாடியது 1961-ல் எம்.பி.எஸ். இசையில், நாராயண குருவின் வரிகளை. அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘சுயம்வரம்’, ‘எலிப்பத்தாயம்’ படங்களின் இசையும் அவருடையது. தமிழில் 1960-ல் இடதுசாரிக் கலைஞர்கள் கூடி எடுத்த ‘பாதை தெரியுது பார்’. படங்களுக்கு வெளியே இன்னொரு வேலையும் செய்தார். ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்த கலைஞர்களுக்குச் சங்கம் அமைப்பதில் முன்னால் நின்றார். வயலின் வரிசையில் உட்கார்ந்து வாசிப்பவனின் பெயர் திரையில் வராது, குறைந்தபட்சம் கூலியாவது ஒழுங்காக வரவேண்டும் என்பது அவர் கட்சி. ஒரு பெரிய குழுவில் ஒவ்வொருவரும் கணக்கில் வரவேண்டும் என்ற அதே எண்ணம்தான் அவருடைய சேர்ந்திசையிலும் இருந்தது என்று நினைக்கிறேன்.

1943-ல் உருவான இந்திய மக்கள் நாடக மன்றம், ‘இப்டா’, கூட்டமாகப் பாடுவதை நாடு முழுக்க அரசியல் கலையாக்கியிருந்தது. அந்த அலையிலிருந்து 1958-ல் ரூமா குஹா தாகுர்தா, சலில் சௌத்ரி போன்றவர்களால் கல்கத்தா யூத் கொயர் வந்தது. சென்னையில் எம்.பி.எஸ். 1970-களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். தொழில்முறைப் பாடகர்களைத் தேடிப் போகாமல், வேறு வேலைகளில் இருந்தவர்களைச் சேர்த்துப் பழக்கினார். பல இந்திய மொழிகளில் பாடினார்கள். அவர்கள் பாட்டில் பாரதிக்குப் பெரிய இடம் இருந்தது.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். நம் ராகம் ஒற்றைக் கோடு. அந்தக் கோடும் நேராக இருக்காது. ஒரு காந்தாரமோ நிஷாதமோ கமகத்தில் அசைந்துகொண்டே இருக்கும். அதன் கீழே இன்னொரு குழு நிலையான வேறொரு சுரத்தைப் பிடித்தால் இரண்டும் உரசும். இருபது பேர் ஒரே கமகத்தை ஒரே அளவில் அசைப்பதும் லேசு இல்லை. கமகத்தை வெட்டினால் ராகம் போச்சு என்பார்கள். வெட்டாவிட்டால் ஒத்திசை போச்சு. இதற்கு வழிகள் குறைவு. மோகனம் போல சுரங்கள் தள்ளித்தள்ளி நிற்கும் ராகங்களை எடுக்கலாம். ஒரு குழு சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் தம்புரா போலப் பிடித்திருக்க இன்னொரு குழு நகரலாம். ஆண்கள் விட்ட இடத்தில் பெண்கள் எடுக்கலாம், முடிவதற்குள் ஆண்கள் மறுபடி நுழையலாம். இசை எழுதுகிறவர் ஒவ்வொரு அடியிலும் எதைக் கொடுத்து எதை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். எம்.பி.எஸ்ஸின் பாரதி பாட்டுகளை முதன்முதலில் கேட்டபோது எனக்கு அவை கர்நாடக இசையாகவும் படவில்லை, கோவில் பாட்டாகவும் படவில்லை. தமிழ்ச் சொல் ஒன்றுகூட நசுங்காமல் கேட்டது. அதுதான் முதலில் உறைத்தது.

*

பாரதி புதுச்சேரியில் இருந்தது 1908 முதல் 1918 வரை. ஈசுவரன் தர்மராஜா கோவில் வீதியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். ‘சங்கீத விஷயம்’ என்ற கட்டுரையில் வித்வான்களை ஒரு பிடி பிடித்திருப்பார். அதே சில கீர்த்தனைகளை, பொருள் தெரியாமல், திரும்பத் திரும்பப் பாடுகிறார்களே என்ற எரிச்சல். இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ‘குயில் பாட்டு’. ஊருக்கு மேற்கே உள்ள மாஞ்சோலையில் நடக்கும் கதை அது. மனிதர் பாடும் பாட்டுகளில் எதற்கெல்லாம் மனம் பறிகொடுத்தேன் என்று அதில் ஒரு பட்டியல் வரும். ஏற்றம் இறைப்பவர்கள், நெல் குத்தும் பெண்கள், சுண்ணாம்பு இடிப்பவர்கள், பண்ணையில் வேலை செய்யும் பெண்கள், கும்மியடிப்பவர்கள். குழலும் வீணையும் அவர்களுக்குப் பிறகுதான் வரும்.

அந்தப் பட்டியலை ரொம்ப நாள் வெறும் அழகாகத்தான் படித்திருந்தேன். சேர்ந்திசை பற்றி யோசிக்க ஆரம்பித்த பிறகுதான் கண்ணில் பட்டது. பெரும்பாலும் கூட்டமாக வேலை செய்பவர்கள் பாடுவது. நடவு வரிசையில் ஒரு பெண் அடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வேகத்தை முடிவு செய்வது அவள். களைத்தவளைப் பாட்டில் இழுத்துக்கொண்டு போவதும் அவள்தான். நம்மிடம் கண்டக்டர் இல்லாமல் இல்லை. முழங்கால் சேற்றில் நின்றதால் நாம் அவளை இசைக்காரி என்று எண்ணவில்லை.

பாரதியின் வரிகளை எம்.பி.எஸ். ஒரு குழுவின் வாயில் கொடுத்தது எனக்குப் பொருத்தமாகப் படுவது இதனால்தான். சபாவில் ஒருவர் பாட மற்றவர் கேட்கிற இசையாக அது சுருங்கக்கூடாது என்று அந்தக் கவிஞருக்கும் தோன்றியிருக்கும்.

*

எம்.பி.எஸ். 1988 மார்ச் 9 அன்று லட்சத்தீவில் இறந்தார். வயது 62. சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு அவரோடு நின்றுவிடவில்லை. அவரிடம் பாடியவர்களே முன்னால் வந்து நின்று நடத்தினார்கள். திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே ஒரு குழு பாடுகிறது. நல்ல படங்களுக்கு நல்ல இசை கொடுத்தவர்கள் பலர் உண்டு. தான் போன பிறகும் பாடுகிற ஒரு கூட்டத்தை விட்டுப்போனவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கேள்வி எனக்கு ஏன் முக்கியம் என்றால், எங்கள் மாஸ்டரின் குழு நிலைக்கவில்லை. அவர் உடம்பு முடியாமல் படுத்த சில மாதங்களில் ஆள் குறைந்தது. ஒரு கீபோர்டு வந்தது. பிறகு பென் டிரைவில் டிராக் வந்தது. டிராக்குக்கு நாலு பேர் மைக் பிடித்துப் பாடினால் போதும், பக்கத்தில் நிற்பவன் குரல் கேட்க வேண்டியதில்லை. யாரும் கெட்டது செய்யவில்லை. நாங்கள் யாரும் அந்த ட்யூனிங் ஃபோர்க்கை வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அவர் எழுதி வைத்திருந்த நாலு குரல் நோட்டுப் புத்தகங்கள் எங்கே போயின என்று கேட்கக்கூட எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. கேட்டபோது பதில் சொல்ல ஆள் இல்லை.

பழைய டெனர்கள் இரண்டு பேர், ஒரு ஆல்ட்டோ, நான். இப்போது மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம். கையில் இருப்பது ஞாபகத்திலிருந்து எழுதிய ஒரு பாட்டு. பேஸ் வரி யாருக்கும் நினைவில்லை. போன முறை நான்தான் முன்னால் நின்றேன். கையை எவ்வளவு உயரம் தூக்குவது என்று தெரியவில்லை. இடுப்பு உயரத்தில் வைத்துக்கொண்டேன்.