மலகாசி மக்களின் மரபணு வழிமூலம்

மடகாஸ்கர் தீவின் மலகாசி மக்கள், தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்து குடியேறிய இரு கூட்டத்தாரின் கலப்பில் உருவானவர்கள். தீவுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் இடையே குறுகலான பகுதியில் சுமார் 400 கி.மீ. கடல்தான், தென்கிழக்கு ஆசியாவின் போர்னியோவோ 7,000 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. ஆயினும் தீவெங்கும் பேசப்படும் மலகாசி, ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

மரபணு ஆய்வுக்கு வெகுகாலம் முன்பே மொழி இந்த உறவை வெளிக்காட்டியது. டச்சுக்காரரான பிரெடெரிக் டி ஹவுட்மன் 1603இல் மலாய், மலகாசி மொழிகளுக்கு ஒரே நூலில் சொல்லகராதி வெளியிட்டார். மலகாசிக்கு மிக நெருங்கிய மொழி, போர்னியோவின் பாரிட்டோ ஆற்றுப் பகுதியில் பேசப்படும் மான்யான் என்று நார்வே அறிஞர் ஒட்டோ கிறிஸ்டியன் டால் 1951இல் நிறுவினார். மண்ணுக்கடியிலிருந்து சான்று கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. மடகாஸ்கரிலும் கொமோரோ தீவுகளிலும் பழைய குடியிருப்புகளைத் தோண்டியபோது நெல், பாசிப்பயறு முதலிய ஆசியப் பயிர்களின் கருகிய விதைகள் மிகுதியாகக் கிடைத்ததை 2016இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. அதே காலத்து ஆப்பிரிக்கக் கரையூர்களிலோ சோளம், கம்பு போன்ற ஆப்பிரிக்கத் தானியங்களே மேலோங்கியிருந்தன.

தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வையும், தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் ஒய் குரோமோசோமையும் ஒப்பிட்ட ஆய்வு 2005இல் வெளியானது. இரு வழிகளிலும் ஆசிய, ஆப்பிரிக்கக் கூறுகள் கலந்திருந்தன. ஆகவே கடல் கடந்து வந்தவர்கள் ஆண் வணிகர்கள் மட்டுமல்லர். பெண்களும் வந்து குடியமர்ந்திருக்கிறார்கள். மலகாசி வரலாற்றில் மரபணுவியல் தந்த மிக முக்கியமான செய்தி இதுவே எனலாம். 2012இல் மரபணு ஆய்வாளர் மரே காக்ஸ் குழுவினர் கணினி மாதிரிகளைக் கொண்டு, சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 30 பெண்களிடமிருந்தே இன்றைய தாய்வழிகள் தொடங்கின என்றும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தோனேசியப் பகுதியினர் என்றும் கணித்தனர். ஒரே படகில் 30 பெண்கள் வந்திறங்கினர் என்று இதைப் பொருள்கொள்வது தவறு. வழித்தோன்றல்களை விட்டுச்சென்ற மூதாய்கள் எத்தனை பேர் என்பதற்கான மதிப்பீடே இந்த எண்.

ஆசிய முன்னோர் எந்த இனத்தவர் என்பது எளிதில் தீரவில்லை. மொழியால் நெருங்கிய மான்யான் மக்கள் மரபணுவால் அவ்வளவு நெருங்கியவர்களாக இல்லை. தென்கிழக்கு போர்னியோவின் பஞ்சார் மக்களே கூடுதலாக ஒத்துப்போகிறார்கள் என்று 2016இல் ஓர் ஆய்வு முடிவு கூறியது.

தீவு முழுவதையும் தழுவிய கணக்கெடுப்பு 2017இல் வெளியானது. 257 ஊர்களில் 2,700 பேருக்கு மேல் மாதிரி திரட்டப்பட்டது. சராசரியாக மரபணுத்தொகுதியில் சுமார் 59 விழுக்காடு ஆப்பிரிக்கா, 37 விழுக்காடு ஆசியா வழி வந்தவை. எஞ்சிய சிறுபங்கு ஐரோப்பா, மேற்காசியா சார்ந்தது. ஆப்பிரிக்கப் பங்கு தந்தைவழியில் சுமார் 70 விழுக்காடாகவும் தாய்வழியில் சுமார் 42 விழுக்காடாகவும் இருந்தது. மெரினா மக்கள் வாழும் நடு மேட்டுநிலத்தில் ஆசியப் பங்கு கூடுதல், கடலோரங்களில் ஆப்பிரிக்கப் பங்கு கூடுதல். மேட்டுநிலத்தார் ஆசியர், கடலோரத்தார் ஆப்பிரிக்கர் என்று காலனிய ஆட்சிக் காலம் முதல் வகுக்கப்பட்டுவந்த பிரிவினைக்கு மரபணுவில் ஆதாரமில்லை. எப்பகுதியிலும் இரு மரபுகளும் கலந்தே இருக்கின்றன.

இந்தக் கலப்பு மரபணுத்தொகுதி முழுவதும் ஒரே அளவில் இல்லை. முதல் குரோமோசோமில் டஃபி மரபணு அமைந்த பகுதியில் ஆப்பிரிக்கப் பங்கு 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஆப்பிரிக்காவில் பரவலான டஃபி வகை, சிவப்பணுக்களில் டஃபி புரதம் உருவாகாமல் தடுக்கிறது. வைவாக்ஸ் மலேரியாக் கிருமி அணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் வழி அதனால் அடைபடுகிறது. மலேரியா மிகுந்த தீவில் இந்த வகையைப் பெற்றவர்கள் கூடுதலாகப் பிழைத்து, ஓராயிரம் ஆண்டுக்குள் அதைப் பெரும்பாலோருக்கு உரியதாக்கினர்.