சித்தி இல்லாத 'சித்தி'

போன எபிசோடுக்கு வந்த கேள்வி: பழைய சீரியலைத் திரும்ப எடுக்கிறவங்க மனசாரத்தான் எடுக்கிறாங்களா? எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்க ஆயாதான்.

ஊரு பென்னாகரம் பக்கம். 1999 டிசம்பர்ல சன் டிவியில 'சித்தி' ஆரம்பிச்சப்போ நான் கைக்குழந்தை. அப்பா சொல்லித்தான் தெரியும். ராதிகாவோட ராடான் தயாரிப்பு, சி.ஜே. பாஸ்கர் இயக்கம். 2001 நவம்பர் வரைக்கும் ஓடிச்சு. தெலுங்குல 'பின்னி'ன்னு போச்சு. இன்னொருத்தி பெத்த குழந்தையைத் தன் குழந்தையா வளர்க்கிற சாரதாதான் கதை. டிவி இருந்த ஒரே வீட்டுத் திண்ணையில தெருவே உட்கார்ந்து பார்த்ததாம்.

ஆயா மட்டும் பேசாம பார்க்குமாம். ஏன்னா ஆயா எங்க அப்பாவைப் பெத்தவங்க இல்ல, தாத்தாவுக்கு இரண்டாம் தாரம். அப்பா இன்னைக்கும் 'சின்னம்மா'ன்னுதான் கூப்பிடுவார். சித்தின்னாலே கொடுமைக்காரின்னு சினிமா சொல்லிக்கிட்டிருந்த ஊர்ல, அந்த வார்த்தையையே தலைப்பாக்கி, அவளைக் கதாநாயகி ஆக்கினது சின்ன விஷயம் இல்ல.

2020 ஜனவரியில 'சித்தி 2' வந்துச்சு. அதே ராதிகா, அதே சாரதா. ஆயா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துச்சு. ரெண்டு மாசத்துல லாக்டவுன்; ஷூட்டிங் நின்னுபோச்சு. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு, லேப்டாப்போட ஊருக்கு வந்துட்டேன். அப்போ சன் டிவி 2002-ல ஆரம்பிச்ச 'மெட்டி ஒலி'யை மறுபடி போட்டாங்க. திருமுருகன் எடுத்தது, அஞ்சு பொண்ணுங்களைக் கட்டிக்கொடுக்கிற அப்பாவா டெல்லி குமார். படம் மங்கல், சவுண்டு சுமார், ஆனா நான் மீட்டிங்கை மியூட்ல போட்டுட்டுப் பார்த்தேன். யாரும் எதையும் புதுப்பிக்கல, அப்படியே போட்டாங்க, அவ்வளவுதான்.

'சித்தி 2' திரும்ப வந்தப்போ வெண்பா, கவின் காதல்தான் பெருசா நின்னுச்சு. அதுக்குத் தனி ரசிகர் கூட்டம், அது தப்பில்ல. 2021 தொடக்கத்துல ராதிகா விலகினாங்க. சீரியல் அதே பேர்ல 2022 வரைக்கும் ஓடிச்சு. எங்க பாஷையில சொன்னா, வேரியபிள் பேரு அதேதான், உள்ள இருக்கிற வேல்யூ வேற.

அதுல நடிச்ச புது ஆளுங்க உழைப்பை நான் குறை சொல்லல. ஆனா ரெண்டாவது பாகத்துக்கு ஒரு புதுக் கேள்வி வேணும். இருபது வருஷம் கழிச்சு ஒரு சித்தியை ஊரு எப்படிப் பார்க்குது? வளர்த்த பிள்ளை அவளை என்னன்னு கூப்பிடுது? அதைக் கேட்டிருந்தா, பேரை வச்சதுக்கு நியாயம் இருந்திருக்கும்.

ராதிகா போன வாரம் ஆயா கேட்டுச்சு: "சித்தி எங்கடா?" விலகிட்டாங்க ஆயான்னேன்.

"அப்புறம் எதுக்கு அந்தப் பேரு?"ன்னு ரிமோட்டை என் கையில குடுத்துட்டு எழுந்து போச்சு.