அக்பருக்கு மூன்று இழுப்பு, அம்மாயிக்கு ஐம்பது வருசம்

போன மாதம் பேராதனையில் எங்கள் போர்டிங் அறைக்கு ஒரு சுங்கான் வந்தது. அதாங்க, பைப். நண்பனின் மாமா வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. கூடவே ஒரு சின்னத் தகர டப்பாவில் வனிலா வாசம் போட்ட புதுப் புகையிலை. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ரெண்டு இழுப்பு இழுத்தோம். எனக்கு நாக்கு எரிந்தது, இருமல் வந்தது. "அவசரப்படாம அனுபவிச்சு இழுக்கணும் மச்சான்" என்றான் நண்பன்.

டப்பாவை மூடும்போதுதான் கவனித்தேன். வனிலாவுக்கு அடியில் எனக்கு நல்லாத் தெரிஞ்ச இன்னொரு வாசம் இருந்தது. வட்டவளையில் எங்கள் அம்மாயியின் சுருக்குப்பை வாசம். ரெண்டும் ஒரே இலைதான். ஆனால் நாங்கள் செய்ததற்குப் பேர் 'ட்ரை பண்ணிப் பார்க்கிறது'. அம்மாயி செய்ததற்குப் பேர் 'கெட்ட பழக்கம்'. இந்த வித்தியாசம் எங்கேயிருந்து வந்தது?

புகையிலை நம்ம ஊர்ச் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம்ம பக்கத்துக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். முகலாய அரண்மனைக்குள் அது முதன்முதலாக நுழைந்த கதையை அசத் பேக் என்ற அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். 1604-05 அளவில் பீஜப்பூருக்குத் தூது போனவர், அங்கே புகையிலையைப் பார்க்கிறார். நகை பதித்த ஒரு நீளச் சுங்கானைத் தயார் செய்கிறார். பீஜப்பூர் சுல்தான் கொடுத்த அழகான வெற்றிலைப் பை ஒன்றில் நல்ல புகையிலையை நிரப்பி, எல்லாவற்றையும் ஆக்ராவில் அக்பர் முன்னால் வைக்கிறார்.

அக்பர் ரெண்டு மூணு இழுப்பு இழுக்கிறார். பக்கத்தில் நின்ற வைத்தியர் பதறுகிறார்: இது நம்ம நூல்களில் இல்லாதது, சோதிக்கப்படாதது, வேண்டாம். சபையில் பெரிய விவாதமே நடக்கிறது. பிறகு பிரபுக்கள் ஆளாளுக்குக் கேட்டு வாங்குகிறார்கள், வியாபாரிகள் விற்கத் தொடங்குகிறார்கள், பழக்கம் வேகமாகப் பரவுகிறது. ஆனால் அக்பர் மட்டும் அதைப் பழகவில்லை என்று அசத் பேக்கே எழுதுகிறார். அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617இல் புகையிலைக்குத் தடையே போட்டார். அந்தத் தடை நிற்கவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான். ராசா ருசி பார்த்தார், பக்கத்தில் வைத்தியர் இருந்தார், பிடிக்கவில்லை, கீழே வைத்துவிட்டார். கீழே வைக்கிற வசதி அவருக்கு இருந்தது.

இனி நம்ம மலைக்கு வருவோம். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். 1884இல் ரயில் வட்டவளையைத் தாண்டி ஹட்டன் வரை வந்தது. தோட்டத்து வயசாளிகள் சொல்லும் கதைகளில் தொரை என்றால் அரைக்கால்சட்டை, தொப்பி, வாயில் சுங்கான். லயத்தில் இருந்தது வேற புகையிலை: வெத்தலையோடு மெல்லுகிற காய்ந்த இலை, சுருட்டு, பீடி. யாழ்ப்பாணத்தில் விளைந்த புகையிலை திருவிதாங்கூர் வரைக்கும் கப்பலேறியது; யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கடைகள் தென்னிலங்கை டவுன்களிலும் இருந்தன.

வட்டவளை மழையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: வருசத்துக்கு 5,000 மில்லிமீட்டர் அளவில் கொட்டும் ஊர் இது. மழை என்றால் அட்டை. அம்மாயி மலைக்குப் போகும்போது புகையிலை ஊறின தண்ணியைக் காலில் தேய்த்துக்கொள்வார். கடித்த அட்டை மேல் வெத்தலைச் சாற்றைத் துப்புவார், அது சுருண்டு விழும். ஆக, புகையிலை அவருக்கு வேலைச் சாமான். கத்தி, கூடை மாதிரி.

அதைவிடப் பெரிய காரணம் பசி. நிக்கோட்டின் பசியை அமத்தும் என்று இன்று விஞ்ஞானம் சொல்கிறது. அம்மாயிக்கு அது பதினாலு வயசிலேயே தெரியும். "காலைல ஒரு ரொட்டி, சாயத்தண்ணி. கொழுந்து கொறஞ்சா அரைப்பேரு. நின்னு திங்க நேரம் ஏது? ஒரு வாய் போட்டா பசிக்காதுடா." பொகலை கடையில் கடனுக்குக் கிடைக்கும். சம்பளத்தன்று கணக்கில் கழியும்.

கங்காணி காலத்தில் கடனை எழுதின 'துண்டு' ஒரு ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. அந்த முறையை 1921இல் ஒழித்தார்கள். துண்டு போனது, பசி போகவில்லை.

மூன்று வருசத்துக்கு முன்னால் அம்மாயியின் கன்னத்துக்குள் ஒரு வெள்ளைப் படலம். அது புற்றுநோயாக மாறலாம் என்று டொக்டர் சொன்னார். நல்லவேளை, மாறுவதற்கு முன் பார்த்துவிட்டோம். புகையிலை மட்டுமல்ல, பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. புகையற்ற புகையிலைப் பொருட்களை இலங்கை 2016இல் தடை செய்தது. ரெண்டும் நல்ல விசயம். ஆனால் அம்மாயியின் பக்கத்தில் அக்பருடைய வைத்தியர் மாதிரி ஒருவர் வந்து நிற்க ஐம்பது வருசம் ஆனது.

அதனால் தோட்டத்துக்கு விழிப்புணர்வு நோட்டீஸ் கொண்டுபோகிற நம்ம தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். "ஏன் இந்தக் கெட்ட பழக்கம்?" என்று கேட்பதற்கு முன்னால், "பகலைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். மலையில் உட்கார்ந்து சாப்பிட இடமும் நேரமும் கேட்பதும் புகையிலை ஒழிப்பு வேலைதான்.

அம்மாயி இப்போது மெல்லுவதில்லை. சுருக்குப்பையில் மாத்திரை வைத்திருக்கிறார். எங்கள் அறையில் அந்த டப்பா ஷெல்ஃபில் அப்படியே கிடக்கிறது, யாரும் தொடவில்லை. எங்களால் கீழே வைக்க முடிந்தது. மத்தியானம் கன்டீனில் சோறு இருந்தது.