குழந்தைகள் பாதுகாப்புக்கு அரசு நிதி: சென்னைச் சிறுவர் சட்டம் முதல் மிஷன் வாத்சல்யா வரை

ஆதரவற்ற குழந்தைகளைக் காப்பது அரசின் கடமை என்பதை இந்தியாவில் முதலில் சட்டமாக்கியது சென்னை மாகாணம். 1876, 1897-ஆம் ஆண்டுகளின் சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்கள் தண்டனை பெற்ற சிறுவர்களைப் பற்றியே பேசின. 1920-இல் வந்த சென்னைச் சிறுவர் சட்டமோ, குற்றம் எதுவும் செய்யாமல் பிச்சையெடுத்தும் போக்கிடமின்றியும் திரிந்த குழந்தைகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் இதே வழியில் சட்டம் இயற்றின.

சென்னைச் சட்டத்தின் கீழ்ச் செலவழிந்த அரசுப் பணம் பெரும்பாலும் கட்டடங்களுக்கும் அவற்றின் ஊழியர்களுக்குமே போய்ச் சேர்ந்தது. குழந்தையை வீட்டிலிருந்து பிரித்துச் சான்றுபெற்ற பள்ளியில் சேர்ப்பதே காப்பாற்றும் வழி என்று அன்று கருதப்பட்டது. வசதியுள்ள பெற்றோரிடமிருந்து பராமரிப்புத் தொகையை வசூலிக்கவும் சட்டம் இடமளித்தது. வறுமையால் பிள்ளையை வளர்க்க முடியாத தாய்க்கு மாதம் ஒரு தொகை கொடுத்து, பிள்ளையை அவளிடமே விட்டுவைக்கலாம் என்ற எண்ணம் அரசின் நிதித் திட்டங்களில் உரிய இடம் பெறப் பல தலைமுறைகள் ஆயின. இந்த வரலாற்றின் பெரிய குறை இதுதான்.

மிகுதிச் சுமையைத் தொண்டு நிறுவனங்கள் தாங்கின. முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் நிறுவிய அவ்வை இல்லம் அவற்றுள் புகழ்பெற்றது. விடுதலைக்குப் பின், 1953-இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் வழங்குவது அதன் முக்கியப் பணியாக இருந்தது. 1974-இன் தேசியக் குழந்தைகள் கொள்கை குழந்தைகளை நாட்டின் தலையாய செல்வம் என்றது. ஆயினும் அடுத்த ஆண்டு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி ஆகியவற்றுக்கானது. கைவிடப்பட்ட குழந்தையின் பாதுகாப்பு அதில் அடங்கவில்லை.

சிறைகளில் அடைபட்டுக் கிடந்த சிறார்களைப் பற்றிப் பத்திரிகையாளர் ஷீலா பார்சே தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தை உலுக்கியது. 1986-இல் ஜம்மு காஷ்மீர் நீங்கலாக நாடு முழுமைக்குமான இளஞ்சிறார் நீதிச் சட்டம் வந்தது. அதைச் செயல்படுத்தும் செலவில் பாதியை மத்திய அரசு ஏற்றது. ஆயினும் தெருவோரக் குழந்தைகளுக்குத் தனித் திட்டம், தத்து கொடுக்கும் இல்லங்களுக்குத் தனி உதவி என நிதி சிதறியே கிடந்தது. 1992-இல் சேலத்தில் தமிழக அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும், 1996-இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் பிறந்த, குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணும் இக்காலத்தவை.

சிதறிய திட்டங்களை ஒன்றாக்கியது 2009-இன் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம். மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழுவுக்குப் படித்தொகை, சமூகப் பணியாளருக்குச் சம்பளம் என இளஞ்சிறார் நீதிச் சட்டம் சொன்னவற்றுக்கு முதல் முறையாக வரவுசெலவுக் கணக்கில் தனி இடம் கிடைத்தது. சட்டம் வந்து பல ஆண்டுகள் கழித்தே இது நடந்தது என்பதை மறக்கலாகாது. பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசு 75, மாநிலம் 25 என்று பங்கு பிரிந்தது. இல்லத்தில் வாழும் குழந்தைக்கு மாதம் 750 ரூபாய் என்றிருந்த பராமரிப்புத் தொகை 2014-இல் 2,000 ஆயிற்று. பின்னர் பங்கீடு 60:40 என மாறி, மாநிலங்களின் சுமை கூடியது.

கொரோனா பெற்றோரைப் பறித்தபோது, பணம் குழந்தையைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. 2021-இல் தமிழக அரசு இரு பெற்றோரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பு வைத்தது. உறவினரிடம் வளர்வோருக்கு மாதம் 3,000 ரூபாய் தந்தது. மத்திய அரசின் பி.எம். கேர்ஸ் குழந்தைகள் திட்டம் இத்தகைய குழந்தைகளுக்கு 23 வயதில் 10 லட்சம் ரூபாய் கிடைக்க வழிசெய்தது.

பெயர் மாறி மிஷன் வாத்சல்யா ஆன 2009-இன் மத்தியத் திட்டத்துக்கு 2022-23 நிதிநிலை அறிக்கை 1,472 கோடி ரூபாய் ஒதுக்கியது. இல்லத்துக் குழந்தைக்கு மாதம் 3,000 ரூபாய் என்றால், குடும்பத்தோடு வாழும் குழந்தைக்கான நிதி ஆதரவு 4,000 ரூபாய். இதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரங்களில் 96,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. 1098 சேவையும் தொண்டு அமைப்பின் கையிலிருந்து மாநில அரசுகளிடம் வந்தது.