இல்லாத நிலத்தைத் தேடிப் போனவர்கள்

1881 மே மாதம். இருபது மாதங்களாகப் பனிப்பாளத்தில் சிக்கி, அது இழுத்த இழுப்புக்கெல்லாம் போய்க்கொண்டிருந்த ‘ஜானெட்’ கப்பலிலிருந்து நிலம் தெரிந்தது. எந்த வரைபடத்திலும் இல்லாத நிலம்!

ஆனால் கப்பலில் இருந்தவர்கள் தேடி வந்தது அதை அல்ல. வடதுருவத்தைச் சுற்றி உறையாத கடல் இருக்கிறது, பெரிங் நீரிணை வழியே அங்கே போய்விடலாம் என்ற கருத்தை ஜெர்மானியப் புவியியலாளர் அகஸ்ட் பெட்டர்மான் பரப்பியிருந்தார். அதை நம்பித்தான் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் டி லாங் 1879 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டார். செலவு, ‘நியூயார்க் ஹெரால்டு’ அதிபர் ஜேம்ஸ் கார்டன் பென்னெட்டுடையது. முதலில் தெரிந்த தீவுக்கு ஜானெட் என்று கப்பலின் பெயர்; கப்பலுக்கு இருந்தது அவருடைய தங்கை பெயர். அடுத்த தீவுக்கு ஹென்ரியட்டா என்று அவருடைய தாயார் பெயர்.

ஜூன் நடுவில் பனி கப்பலை நொறுக்கியது. 33 பேரும் படகுகளை இழுத்துக்கொண்டு தெற்கே நடந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கணக்கிட்டால், புறப்பட்ட இடத்துக்கு வடக்கே இருந்தார்கள். காலுக்கடியில் பனியே வடக்கு நோக்கி மிதந்துகொண்டிருந்தது! அந்த நடையில்தான் ஜூலை கடைசியில் பென்னெட் தீவு தட்டுப்பட்டது. பிறகு லீனா ஆற்றின் கழிமுகத்தில் பசியாலும் குளிராலும் டி லாங் இறந்தார். அங்கே உயிர் தப்பியவர்கள் 13 பேர்தான்.

அந்தப் பகுதியின் மீதி இரண்டு தீவுகளான வில்கிட்ஸ்கியையும் ஜோஹவையும் 1913, 1914 ஆண்டுகளில் ரஷ்யக் கப்பல்கள் கண்டறிந்தன. இந்த ஐந்தும் சேர்ந்ததே டி லாங் தீவுக்கூட்டம். எல்லாம் கூட்டினாலும் 230 சதுர கிலோமீட்டர் தேறாது. அதில் பாதிக்கு மேல் பென்னெட். அதன் உச்சி 426 மீட்டர், மேலே நிரந்தரப் பனிக்கவிகை. ஜானெட்டும் ஹென்ரியட்டாவும் கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறைகள். ஹென்ரியட்டாவில் 1937 முதல் 1963 வரை சோவியத் வானிலை நிலையம் இருந்தது. இன்று நிரந்தரமாக வாழ்வோர் யாருமில்லை.

பென்னெட் தீவு இன்னொரு பயணத்தையும் விழுங்கியது. கோதெல்னி தீவுக்கு வடக்கே ஒரு நிலம் தெரிகிறது என்று 1811 வாக்கில் சன்னிக்கவ் என்பவர் சொல்லியிருந்தார். 1886இல் தாமும் அதைக் கண்டதாக நம்பியவர் நிலவியலாளர் எட்வர்ட் டோல். 1902 கோடையில் வானியலாளர் சீபெர்க்குடனும் சைபீரிய வேட்டைக்காரர்கள் இருவருடனும் பென்னெட்டில் இறங்கினார். அழைத்துப்போக வேண்டிய ‘ஸார்யா’ கப்பலைப் பனி மறித்துவிட்டது. நவம்பரில், பகலே இரவாகிவிட்ட காலத்தில், நால்வரும் தெற்கே நடக்கத் தொடங்கினார்கள். மறு ஆண்டு திறந்த படகில் தேடி வந்த கல்சாக், பின்னாளில் ரஷ்ய உள்நாட்டுப் போரில் வெள்ளைப் படைக்குத் தலைமை தாங்கிய அதே கல்சாக், டோலின் குறிப்பை மீட்டார். கையில் 14 முதல் 20 நாளுக்கு உணவு இருப்பதாக அதில் எழுதியிருந்தது. நால்வரின் தடயமே கிடைக்கவில்லை. இவ்வளவு உயிரைக் கேட்ட சன்னிக்கவ் நிலம் 1930களின் தேடலிலும் அகப்படவில்லை.

அங்கே பரந்த நிலம் இருந்தது என்னவோ உண்மை. டோல் வந்தபோது அது கடலுக்கடியில் போய்ப் பல ஆயிரம் ஆண்டுகளாகியிருந்தன. பனியுகம் முடிந்த பிறகும் கடல்மட்டம் தாழ்ந்திருந்ததால், ஜோஹவ் அன்று ஆசியப் பெருநிலத்தோடு ஒட்டிய சமவெளியின் ஒரு மேடு. 1989இல் தொல்லியலாளர் விளாதிமிர் பிதுல்கோ அங்கே அகழத் தொடங்கினார். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் குடியிருந்த இடம் வெளிப்பட்டது. அவர்கள் கலைமானை வேட்டையாடினார்கள், பனிக்கரடியையும் விடவில்லை. சறுக்குவண்டியின் மரத்துண்டுகளும் நாய் எலும்புகளும் கிடைத்துள்ளன. வண்டி இழுப்பதற்கென்றே நாய்களைத் தேர்ந்து வளர்த்ததற்கான மிகப் பழைய சான்றுகளில் ஒன்று இது. அவர்கள் பயன்படுத்திய எரிமலைக் கண்ணாடி சுகோத்காவின் கிராஸ்னயே ஏரிப் பக்கத்திலிருந்து வந்தது. நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 1,500 கிலோமீட்டர்.